ஐந்தாம் சீலமும் காலை நடுக்கமும்

சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்து விநாயகர் கோயில் சத்தியத்திற்குப் பேர்போனது. குடியை விடுவதாக அங்கே சத்தியம் செய்வோர் பலர். பௌத்தராகிய நாமோ தெய்வத்தின் முன் சத்தியம் செய்வதில்லை. ஐந்தாம் சீலத்தை நாமே பயிற்சியாக ஏற்கிறோம். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளிலும் மதுவிலக்கு உண்டு. ஆயினும் சீலம் ஏற்ற இல்லங்களிலும் குடி ஒளிந்திருத்தல் கூடும். அதனை அறிவது எங்ஙனம்?

சிகாலோவாத சூத்திரத்தில் பகவான் குடியின் கேடுகள் ஆறு என்றார்: பொருளழிவு, சச்சரவு, நோய், பழி, நாணமிழத்தல், அறிவு மழுங்கல். இவற்றுட் பல, ஊரார் கண்ட பின்னரே வீட்டார் ஒப்புக்கொள்பவை. முன்னரே தோன்றும் குறிகளும் உள. குடிக்கும் அளவு நாளுக்கு நாள் ஏறும். சிறிதளவே என்று தொடங்கியவரால் நிறுத்த இயலாது. கேட்டால் சினம் வரும். எல்லாவற்றினும் கொடியது காலை நடுக்கம். விழித்ததும் கை நடுங்கி, வியர்த்து, மீண்டும் குடித்த பின்னரே அது அடங்குமாயின், உடலே மதுவுக்கு அடிமைப்பட்டதெனக் கொள்க.

இத்தகையவரையே உறவினர் சத்தியம் செய்விக்க இழுத்துச் செல்கின்றனர். அவர் திடீரென அடியோடு நிறுத்தினால், இரண்டொரு நாளில் வலிப்பும் மனக்குழப்பமும் காணக்கூடும், உயிருக்கே இடராகும். அஞ்சி மறுபடி குடித்தாலோ, சத்தியம் தவறியவர் என்னும் பழி! ஆதலின் நடுக்கமுடையவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. தக்க மருந்தால் சில நாளில் நடுக்கம் தணியும். அதன்பின் அவர் சீலத்தைத் தெளிந்த வாயால் சொல்லட்டும். தவறினால் மறுநாள் மீண்டும் ஏற்கட்டும்.