பிள்ளை படிப்புக்கு எந்தப் பணம்?

பிடோக் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைத்தொகுதியில் மேசை போட்டு நிற்கும் காப்புறுதி முகவர்கள், தள்ளுவண்டியோடு வரும் பெற்றோரைக் கண்டால், “பிள்ளை படிப்புக்குச் சேர்க்கிறீங்களா?” என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் கையெழுத்துப் போடுமுன் பணம் எந்த வயதில் தேவைப்படும் என்று பாருங்கள். தொடக்கக்கல்லூரி முடிக்கும் பெண் 19 வயதில் பல்கலைக்கழகம் போவாள். பையன் தேசிய சேவை முடித்து 21-இல் போவான். பிடோக் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்திலுள்ள தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி என்றால் 17 வயதிலேயே கட்டணம் தொடங்கிவிடும். 21-இல் முதிரும் பாலிசி அந்தப் பிள்ளைக்கு எப்படி உதவும்?

என்னைக் கேட்டால், முதல் வெள்ளி சிடிஏ எனும் பிள்ளை மேம்பாட்டுக் கணக்குக்குப் போக வேண்டும். 2023 பிப்ரவரி 14-இலோ அதற்குப் பிறகோ பிறந்த முதல் பிள்ளைக்கு நீங்கள் 4,000 வெள்ளி போட்டால் அரசாங்கமும் 4,000 போடும். இந்த ஆதாயத்தை எந்தப் பாலிசியும் தராது. பாலர் பள்ளிக் கட்டணம் போக மிஞ்சுவது, பிள்ளைக்கு 13 வயதாகும்போது உயர்நிலைக்குப் பிந்தைய கல்விக் கணக்குக்கு மாறி 2.5 விழுக்காடு வட்டி பெறும். அந்தப் பணத்தைத் தம்பி தங்கையின் கட்டணத்துக்கும் எடுக்கலாம்.

அடுத்து, பாலிசியா, சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரமா? பாலிசி விளக்கத்தாளில் உத்தரவாதமான தொகை ஒரு கட்டத்திலும் உத்தரவாதமற்றது இன்னொரு கட்டத்திலும் இருக்கும். முகவரின் விரல் பெரும்பாலும் பெரிய எண்ணில்தான் நிற்கும். நீங்கள் சின்ன எண்ணைப் படியுங்கள், பத்தாம் ஆண்டில் நிறுத்தினால் கைக்கு வருவது எவ்வளவு என்றும் கேளுங்கள். வேலை போய், பாதியில் நிறுத்திக் கட்டியதையே முழுசாகப் பார்க்காத குடும்பங்களை எங்கள் புளோக்கிலேயே பார்த்திருக்கிறேன். பத்திரத்தை 500 வெள்ளியில் வாங்கலாம், எந்த மாதமும் அபராதமில்லாமல் மீட்கலாம். கைவைக்காமல் சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு இதுவே மேல். கட்டாயம் இருந்தால்தான் சேரும் என்பவர்கள் மட்டும் பாலிசிக்குப் போகலாம்.

கடன் என்றதும் நம் வீடுகளில் அப்பாவின் மத்திய சேமநிதியைத்தான் முதலில் நினைக்கிறோம். அதை நான் கடைசியில் வைப்பேன். சாதாரணக் கணக்கிலிருந்து எடுத்த நாள் முதல் 2.5 விழுக்காடு வட்டி ஏறும். பிள்ளை அதைத் திருப்பிக் கட்டாவிட்டால் குறைவது அப்பாவின் ஓய்வுக்காலப் பணம். கல்வி அமைச்சின் கட்டணக் கடன், பல்கலைக்கழகம் என்றால், செலுத்த வேண்டிய கட்டணத்தில் 90 விழுக்காடுவரை கிடைக்கும். படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது. படிப்பு முடிந்த பின் வரும் வட்டி 2.5-ஐத் தாண்டலாம் என்பது உண்மை. ஆனாலும் படிக்கும்வரை அது இல்லை என்பதால், கையில் சேமிப்பு இருந்தாலும் இந்தக் கடனை எடுங்கள். மீதி 10 விழுக்காட்டைக் கல்விக் கணக்கிலிருந்து கட்டுங்கள். பத்திரங்கள் நான்கு ஆண்டும் வட்டி ஈட்டட்டும். பட்டமளிப்புக்கு முன் அவற்றை மீட்டு, வட்டி தொடங்குமுன் முடிந்த மட்டும் கடனை அடைத்துவிடலாம்.

வருமானம் குறைவென்றால் இந்தக் கணக்கெல்லாம் போடுமுன் பல்கலைக்கழக உதவிநிதிக்கும் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் உதவிக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். அது திருப்பிக் கட்ட வேண்டாத பணம்.