ஐம்பத்தொன்பது வரை பொறுத்திருங்கள்

கால்வா பிரதிநிதித்துவங்களுக்கும் மாடுலர் வடிவங்களுக்கும் இடையே ஊகிக்கப்பட்ட உறவுகளைக் கணினியில் சோதிக்க வரும் இளைஞர்கள், செர் 1987இல் வெளியிட்டு, காரேயும் வின்டன்பெர்கரும் பின்னாளில் நிரூபித்த பெரிய ஊகத்திலேயே கைவைக்க ஆசைப்படுவது இயல்பு. எனினும் அதற்கு முன்னால், காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய ஓர் உதாரணத்தோடு சில காலம் பழகும்படி அவர்களை வேண்டிக்கொள்வது என் வழக்கம். நான் எடுத்துக் கொடுப்பது, ராமானுஜன் 1916இல் ஆராய்ந்த டௌ எண்களை 23ஆல் வகுத்தால் எஞ்சும் மீதி.

ஓர் எண்ணின் கனத்திலிருந்து அவ்வெண்ணையும் ஒன்றையும் கழித்து வருவது, நாம் எடுத்துக்கொண்ட பகா எண்ணால் வகுபட வேண்டும் என்று விதித்து, அப்பகா எண்ணுக்குக் கீழே, பூஜ்யம் உட்பட, எத்தனை எண்கள் இவ்விதிக்கு இணங்குகின்றன என்று எண்ணி, அத்தொகையில் ஒன்றைக் குறைத்தால், டௌவின் மீதி கிடைத்துவிடுகிறது. 5க்கு 2 ஒன்றே இணங்குவதால் மீதி பூஜ்யம்; டௌவின் மதிப்பாகிய 4830 மெய்யாகவே 23இன் 210 மடங்கு. 2க்கு எதுவுமே இணங்குவதில்லை. அங்கே டௌ −24, ஆகவே மீதி −1. தீர்வுகளின் எண்ணிக்கை கால்வா பக்கத்துச் செய்தி, டௌ மாடுலர் பக்கத்துச் செய்தி; இரண்டும் ஒன்றாக வந்து நிற்பதைத் தன் கையாலேயே கண்டவனுக்குப் பிறகு வரும் சூத்திரங்கள் அச்சமூட்டுவதில்லை. 23 மட்டும் சற்றே தனி. அவ்விடத்தில் சமன்பாட்டின் தீர்வுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன.

நான் மிகவும் வற்புறுத்துவது இனி வருவதுதான். மூன்று தீர்வுகளும் கிடைத்து மீதி 2 ஆகும் நிலை, செபட்டாரியோவின் தேற்றப்படி நெடுந்தூரத்தில் ஆறில் ஒரு பங்குப் பகா எண்களுக்கு நேர வேண்டியது. ஆயினும் அது முதன்முதலாகத் தலைகாட்டுவது 59இல், 4, 13, 42 என்னும் தீர்வுகளோடு. (64−4−1 = 59 என்று மனக்கணக்காகவே சரிபார்க்கலாம்.) ஐம்பதோடு நிறுத்திவிட்டவர், இந்த மீதி என்றுமே வராது என்று சொல்லும் பிழையான ஊகத்தையும் சரியென்றே ஏற்றிருப்பார். ஆகையால், கால்வா குலத்தின் இணைவகுப்புகள் எத்தனை என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஒருமுறையேனும் அட்டவணையில் தோன்றும்வரை கணக்கை நிறுத்தக் கூடாது.

அட்டவணை எவ்வளவு நீண்டாலும் அது நிரூபணம் ஆகாது; ஆனால் ஸ்டர்ம் என்பவர் தந்த எல்லையைக் கடந்துவிட்டால், மாடுலர் வடிவங்கள் இரண்டின் ஒற்றுமை ஐயமற உறுதிப்படுகிறது. மட்டம் 23, எடை 12 என்றால் அவ்வெல்லை வெறும் 24. பாரி போன்ற இலவச மென்பொருளுக்கு அது ஒரு கண வேலை. எந்த வடிவத்தை எடுத்துக்கொண்டாலும், நிரலை ஓடவிடுவதற்கு முன்பே அந்த எல்லையைக் கணக்கிட்டு நோட்டின் தலைப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.