அடிபட்ட ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிச் சரிசெய்யலாமா? சால்வேஜ் கார் பற்றி முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் இருக்கும் கார்ப் பிரியர்களுக்கு இந்த ஆசை எப்படியும் ஒரு நாள் வரும். புதிதாக வாங்கினால் 30,000 டாலருக்குக் குறையாத மாஸ்டா மியாட்டா, முன்பக்கம் நொறுங்கிய நிலையில், ஏலத்தில் 6,000 டாலருக்கு நிற்கும். ஃபெண்டரை மாற்றி, பெயின்ட் அடித்து, வார இறுதியில் கூரையைத் திறந்து ஓட்டுவதாக மனம் கற்பனை செய்துவிடும். அந்தக் கற்பனை தவறில்லை, அப்படி மீண்டு வந்த அருமையான கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் எந்தக் காரை விட வேண்டும் என்பது ஏலம் கேட்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாங்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

உதாரணத்துக்கு மியாட்டாவையே எடுத்துக்கொள்கிறேன். 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இந்தச் சின்ன இரட்டை இருக்கைக் கார், 2016இல் 10 லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டது. எடை ஆயிரம் கிலோவை ஒட்டித்தான். பழைய பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், சாதாரண ஸ்பானர் செட்டோடு வீட்டு கராஜிலேயே பாதி வேலையை முடிக்கலாம். முதன்முதலாகச் சால்வேஜ் காரில் கை வைப்பவருக்கு இதைவிட நல்ல கார் எனக்குத் தெரியாது.

முதல் படி: சால்வேஜ் என்ற முத்திரையைப் புரிந்துகொள்ளுங்கள்

விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் ஒரு கணக்குப் போடுகிறது. பழுதுபார்க்கும் செலவு காரின் அன்றைய மதிப்பில் குறிப்பிட்ட பங்கைத் தாண்டினால் அது ‘டோட்டல் லாஸ்’. உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, காரை ஏலத்துக்கு அனுப்பிவிடுவார்கள். காரின் டைட்டிலில், அதாவது உரிமைப் பத்திரத்தில், சால்வேஜ் என்று பதிவாகிவிடும். அந்தப் பங்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூயார்க்கில் 75 சதவீதம், ஃப்ளோரிடாவில் 80, டெக்சஸில் 100. கலிஃபோர்னியாவில் பழுதுச் செலவோடு உடைந்த காரின் ஏல மதிப்பையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

இதிலிருந்து முக்கியமான ஒன்று புரியும். முத்திரை குத்துவது சேதத்தின் அளவை மட்டும் பார்த்து அல்ல, சேதத்துக்கும் விலைக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து. 5,000 டாலர் மதிப்புள்ள 2001ஆம் ஆண்டு மியாட்டாவில் ஒரு ஃபெண்டரும் ஹெட்லைட்டும் உடைந்து, ஏர்பேக் வெடித்திருந்தாலே போதும், கதை முடிந்தது. இரண்டே வயதான புதிய மியாட்டா சால்வேஜ் ஆகியிருக்கிறது என்றால், அதைச் சரிசெய்ய 20,000 டாலருக்கும் மேல் ஆகும் என்று தொழில் தெரிந்த ஒருவர் மதிப்பிட்டிருக்கலாம். ஏலப் படத்தில் தெரியும் பம்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் அவ்வளவு ஆகாது. மீதிச் சேதம் உள்ளே இருக்கிறது. ஆகவே கார் எவ்வளவு புதியதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. ‘பார்ட்ஸ் ஒன்லி’, ‘ஜங்க்’, ‘சர்டிஃபிகேட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’ போன்ற பத்திரங்களோடு வரும் காரை என்ன செய்தாலும் மறுபடி ரோட்டில் ஓட்டப் பதிவுசெய்வது பொதுவாக முடியாது. அதை உதிரிபாகங்களுக்காக மட்டுமே வாங்கலாம். ஏலப் பட்டியலில் முதலில் படிக்க வேண்டியது இந்த ஒரு வரி.

இரண்டாம் படி: கார் எதற்கு என்று முடிவுசெய்யுங்கள்

தினமும் அலுவலகம் போகவும், குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் ஓட்டவும் என்றால், பாதுகாப்பு விஷயத்தில் சமரசத்துக்கு இடமே இல்லை. ஆட்டோகிராஸ் போட்டிக்கும் டிராக்குக்கும் மட்டும் என்றால் டைட்டிலில் உள்ள முத்திரை பெரிய பொருட்டல்ல. ஸ்பெக் மியாட்டா என்றே ஒரு பந்தயப் பிரிவு இருக்கிறது. அதற்கு எப்படியும் உள்ளே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரோல் கேஜ் பொருத்துவார்கள். விற்று லாபம் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால், முதல் காரில் அதை மறந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: எதனால் வந்த சேதம்?

வெள்ளத்தில் மூழ்கிய காரை வாங்கவே வாங்காதீர்கள். 2005இல் கத்ரீனா, 2017இல் ஹார்வி, 2022இல் இயன் என்று ஒவ்வொரு பெரிய புயலுக்குப் பிறகும் இப்படிப்பட்ட கார்கள் கூட்டமாக ஏலத்துக்கு வருகின்றன. கழுவித் துடைத்த பிறகு அழகாகவே இருக்கும். ஒயரிங் இணைப்புகளுக்குள் அரிப்பு மட்டும் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். இன்று ஓடும் கார் ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் அணையும், ஏர்பேக் விளக்கு எரியும், காரணம் பிடிபடாது. கடல்நீர் என்றால் இன்னும் மோசம். தீப்பிடித்த காரையும் இதே பட்டியலில் சேர்க்கிறேன்.

திருட்டுப் போய் மீட்கப்பட்ட கார்தான் எனக்குப் பிடித்த வகை. சீட், சக்கரம், ஸ்டீரியோ கழற்றப்பட்டிருக்கும், ஸ்டீயரிங் பூட்டு உடைந்திருக்கும். உடல் முழுதாக இருந்தால் மாட்டுகிற வேலைதான். ஆலங்கட்டி மழையில் குழிவிழுந்த காரும் நல்லது. மியாட்டாவின் பானெட் அலுமினியம் என்பதால் அதில் விழுந்த குழியை எடுப்பது கடினம், மாற்றிவிடுவதே மேல்.

மோதல் விபத்து இவற்றுக்கு நடுவில் வரும். நம் உழைப்பெல்லாம் அதைத் தரம்பிரிப்பதில்தான்.

நான்காம் படி: வின் எண்ணைத் துருவுங்கள்

1981 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் 17 எழுத்து வின் எண், அதாவது வாகன அடையாள எண், உண்டு. தேசிய காப்பீட்டுக் குற்றப்பிரிவான என்ஐசிபி, கார் திருட்டா, சால்வேஜா என்று அந்த எண்ணை வைத்து இலவசமாகப் பார்க்க உதவுகிறது. என்எம்விடிஐஎஸ் என்ற தேசியப் பதிவேட்டின் அறிக்கை சில டாலருக்குக் கிடைக்கும். ஒரு மாநிலத்தில் வெள்ளக் கார் என்று பதிவானதை, விதி தளர்ந்த இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தமான பத்திரம் வாங்கும் மோசடி உண்டு. குறுகிய காலத்தில் இரண்டு மூன்று மாநிலம் மாறிய கார் என்றால் விட்டுவிடுங்கள். ரீகால் பாக்கி இருக்கிறதா என்பதை, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏவின் தேடலில் இதே எண்ணைக் கொடுத்தால் தெரியும்.

ஐந்தாம் படி: நேரில் போய்ப் பாருங்கள்

படத்தை மட்டும் நம்பி முதல் காரை வாங்குவது கூடாது. ஏலத்துக்கு முன் யார்டுக்குப் போய்ப் பார்க்க அனுமதி உண்டு. கார் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, டார்ச், சின்னக் கண்ணாடி, காந்தம், அளவு நாடாவோடு போங்கள்.

நீங்கள் தேடுவது ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: எலும்பு முறிந்திருக்கிறதா, தோல் கிழிந்திருக்கிறதா? பம்பர், ஃபெண்டர், பானெட், கதவு, ரேடியேட்டர் எல்லாம் போல்ட் போட்டு மாட்டியவை. கழற்றி மாட்டினால் முடிந்தது. மியாட்டாவில் சஸ்பென்ஷனைத் தாங்கும் சப்ஃப்ரேமும் போல்ட்தான், அதையும் மாற்றலாம். முன்பக்கத்து ஃப்ரேம் ரெயில், ஏ பில்லர், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர், பின்பக்க குவார்ட்டர் பேனல் ஆகியவை உடலோடு வெல்டிங் ஆனவை. அதில் மடிப்பு, பெயின்ட் வெடிப்பு, சுருக்கம் தெரிந்தால் முதல் கார் வாங்குபவர் அங்கேயே திரும்பிவிடுவது நல்லது. கூரையில்லாத காருக்கு அடித்தளம்தான் மொத்த உறுதியும். அது கோணினால் எந்த அலைன்மென்ட் கடையாலும் நேராக ஓடவைக்க முடியாது.

பார்க்கும் முறை எளிது. பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலுள்ள சந்து முழு நீளத்துக்கும் ஒரே அளவா என்று பாருங்கள். கதவைத் திறந்து மூடுங்கள். உரசினாலோ, தூக்கி மூட வேண்டியிருந்தாலோ உடல் வளைந்திருக்கிறது. முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை இரண்டு பக்கமும் நாடா வைத்து அளந்து ஒப்பிடுங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது, அடிபட்ட பக்கத்துச் சக்கரம் பின்னோக்கித் தள்ளப்பட்டிருந்தால் இந்த ஒரு அளவிலேயே வெளிப்படும். பிறகு காந்தம். எஃகுப் பேனலில் காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. இதற்கு முன்பே ஒருமுறை டிங்கரிங் நடந்த கார் அது.

மியாட்டாவுக்கே உரிய இரண்டு விஷயங்கள். துணிக் கூரையிலிருந்து தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொண்டால், ராக்கர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் விரலால் அழுத்திப் பாருங்கள். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று கீழே ஓடுகிறது. பின்பக்கம் பலமாக அடிபட்ட காரில் அது வளைந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க மறக்காதீர்கள்.

வெள்ளத்தின் அடையாளம் வேறு. சீட்பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள், அடிப்பகுதியில் கறை அல்லது சேறு இருக்கும். கம்பளத்தைத் தூக்கி முகருங்கள். வாசனை திரவியம் தூக்கலாக அடிக்கும் காரில் இரட்டிப்பு கவனம் தேவை.

ஆறாம் படி: ஏர்பேக்கைத் தனியாக எடைபோடுங்கள்

ஏர்பேக் வெடித்துவிட்டால் பை மட்டும் போவதில்லை. சீட்பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பிரிடென்ஷனர் வெடித்திருக்கும், கட்டுப்பாட்டு மாட்யூலில் விபத்து பதிவாகி அது பூட்டிக்கொள்ளும், டேஷ்போர்டு கிழிந்திருக்கும். எல்லாவற்றையும் மாற்ற ஆகும் செலவுதான் பல பழைய கார்களை டோட்டல் லாஸ் ஆக்குவது.

இந்தச் செலவைக் குறைக்கத்தான் மிக ஆபத்தான குறுக்குவழிகள் இருக்கின்றன. மலிவான போலி ஏர்பேக் பொருத்திய காரை ஓட்டியவர்கள், உயிர் பிழைத்திருக்கக்கூடிய விபத்துகளில் உலோகத் துண்டுகள் பாய்ந்து இறந்திருக்கிறார்கள். 2024இல் என்எச்டிஎஸ்ஏ இதைச் சொல்லிப் பகிரங்கமாக எச்சரித்தது. சிலர் மூடியை மட்டும் ஒட்டி, எச்சரிக்கை விளக்கை அணைத்துவைப்பார்கள். காரைத் திறந்து சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். உங்கள் காரை நீங்கள் சரிசெய்யும்போது, தயாரிப்பு நிறுவனத்தின் புதிய பையைத் தவிர எதையும் பொருத்தாதீர்கள். அதற்குக் காசு இல்லையென்றால் அந்தக் காருக்கே காசு இல்லை என்றுதான் அர்த்தம்.

ஏழாம் படி: மேலிருந்து கீழே கணக்குப் போடுங்கள்

பலர் ஏல விலையிலிருந்து மேலே கூட்டிக்கொண்டு போவார்கள். நீங்கள் கடைசி மதிப்பிலிருந்து கழித்துக்கொண்டு வாருங்கள். சரிசெய்து பதிந்த பிறகு உங்கள் கார் ‘ரீபில்ட்’ முத்திரையோடுதான் வாழும். அப்படிப்பட்ட கார் சுத்தமான காரைவிடப் பொதுவாக 20 முதல் 40 சதவீதம் குறைவாகவே விலைபோகும்.

ஒரு மாதிரிக் கணக்கு. அதே வயது, அதே மைல் ஓடிய சுத்தமான மியாட்டா 18,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ரீபில்ட் மதிப்பு அதில் 70 சதவீதம், 12,600. இடது முன்பக்கம் அடி, ஏர்பேக் வெடிக்கவில்லை. பழைய பார்ட்ஸ் 2,200, பெயின்ட் 1,800, அளவெடுப்பும் அலைன்மென்ட்டும் 400, ஆக 4,400. கழற்றிய பிறகு தெரியவரும் சேதத்துக்கு அதில் கால்பங்கு, 1,100. ஏலக் கட்டணம் 900, லாரி வாடகை 500, சோதனையும் பதிவும் 300. மொத்தம் 7,200. நீங்கள் கேட்கக்கூடிய உச்ச விலை 5,400 டாலர். இதே காரில் ஏர்பேக் வெடித்து அதற்கு 2,800உம், மறைந்த சேதத்துக்கு அதில் கால்பங்கும் கூடினால் உச்ச விலை 1,900க்கு இறங்கிவிடும்.

இந்த உச்ச விலையில் வாங்கினால் உங்கள் உழைப்புக்கு ஒரு டாலர்கூட மிஞ்சாது. அதே 12,600க்கு வேறொருவர் சரிசெய்து முடித்த காரை நேராக வாங்கிவிடலாம், அல்லது ஒரு தலைமுறை பழைய, சுத்தமான பத்திரமுள்ள மியாட்டாவை வாங்கி அன்று மாலையே ஓட்டலாம். புதிதாக வருபவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இந்தக் கடைசி வழியைத்தான். கராஜில் கை கருக்க வேலை செய்வதே ஒரு ஆனந்தம் என்று நினைப்பவர் மட்டும் மேலே படிக்கட்டும்.

எட்டாம் படி: ஏலத்தில்

இந்தத் தொழிலில் பெரியவை கோபார்ட், ஐஏஏ என்ற இரண்டு நிறுவனங்கள். சில மாநிலங்களில் பொதுமக்கள் நேரடியாகக் கேட்கலாம், மற்ற இடங்களில் உரிமம் பெற்ற புரோக்கர் வழியாகத்தான். ‘ரன் அண்ட் டிரைவ்’ என்று எழுதியிருந்தால், யார்டுக்கு வந்த அன்று ஸ்டார்ட் ஆகி, கியர் விழுந்து, நகர்ந்தது என்று மட்டுமே பொருள். இருந்தபடி விற்பனை, திருப்பித் தர முடியாது. எடுக்கத் தாமதித்தால் நாள்வாடகை ஏறும். வங்கிகள் பெரும்பாலும் இதற்குக் கடன் தராது. உச்ச விலையைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு உட்காருங்கள், தாண்டியதும் எழுந்துவிடுங்கள். அடுத்த வாரமும் மியாட்டா வரும்.

ஒன்பதாம் படி: மறுபடி ரோட்டுக்கு

சால்வேஜ் பத்திரத்தோடு காரைச் சாலையில் ஓட்டக் கூடாது. வீட்டுக்கு வருவதும் லாரியில்தான். வேலை முடிந்ததும் மாநிலச் சோதனை. நியூயார்க் போன்ற மாநிலங்களில் இதன் முதல் நோக்கம், திருட்டுப் பார்ட்ஸ் போட்டிருக்கிறீர்களா என்று பார்ப்பது. அதனால் ஒவ்வொரு பார்ட்டுக்கும் ரசீது வேண்டும், பழையதாக வாங்கியதென்றால் அது வந்த காரின் வின் எண்ணையும் எழுதி வாங்குங்கள். இந்தச் சோதனையில் தேறிவிட்டால் கார் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. ஃப்ரேம் அளவெடுக்கும் இயந்திரம் உள்ள கடையில் ஒருமுறை ஏற்றி, அச்சிட்ட அளவுத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு ஏஜென்ட்டிடம் பேசுவதைக் கடைசியில் எழுதினாலும் செய்ய வேண்டியது ஏலத்துக்கு முன்பு. மூன்றாம் நபருக்கான காப்பீடு எளிதில் கிடைக்கும். உங்கள் காருக்கே வரும் சேதத்துக்குச் சில நிறுவனங்கள் பாலிசி தரவே மாட்டா, தருபவர்களும் இழப்பீட்டை ரீபில்ட் மதிப்பில்தான் கணக்கிடுவார்கள். அடிபட்ட நிலை, கழற்றிய நிலை, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து, ரசீதுகளோடும் அளவுத் தாளோடும் ஒரே கோப்பில் வையுங்கள். ஏஜென்ட்டும் சோதனை அதிகாரியும் கேட்கப்போவது அதைத்தான், என்றாவது விற்க நேர்ந்தால் வாங்க வருபவரும் அதைத்தான் கேட்பார்.