மரத்தடியில் ஒரு குட்டி

பின்வரும் உரைநடைப் பகுதியை வாசித்திடுக.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். தண்ணீர்மலையில் இரவு முழுவதும் கொட்டிய மழை விடியற்காலையில்தான் ஓய்ந்திருக்கிறது. தாவரவியல் பூங்காவில் தாத்தாவுடன் நடந்து செல்கிறீர்கள். முறிந்து விழுந்த கிளைக்கு அருகில் ஏதோ அசைகிறது. குனிந்து பார்த்தால், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு குட்டி. கண்கள் இன்னும் திறக்கவில்லை. முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையில், விலாவை ஒட்டி மெல்லிய தோல் மடிந்து கிடக்கிறது. அது பறக்கும் அணிலின் குட்டி. தாயைக் காணவில்லை. இப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?

“வீட்டிற்குக் கொண்டுபோய்ப் பால் கொடுப்பேன்” என்பதுதான் நம்மில் பலரின் பதிலாக இருக்கும். இரக்கமுள்ளவர் சொல்லும் பதில் அது. ஆனால், வீட்டிற்குக் கொண்டுபோவது, பால் கொடுப்பது ஆகிய இரண்டுமே அக்குட்டிக்குத் தீங்காக முடியலாம். ஏன் என்பதை அறிய, முதலில் அந்த விலங்கைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும்.

பறக்காத பறக்கும் அணில்

பறக்கும் அணில் உண்மையில் பறப்பதில்லை. காற்றில் சறுக்கிச் செல்கிறது. உயரமான மரத்திலிருந்து தாவி நான்கு கால்களையும் விரித்தவுடன், விலாவிலுள்ள தோல் பாய்போல விரிந்து உடலைத் தாங்கும். நீண்ட வால் உடலைச் சமநிலையில் வைத்திருக்க உதவும். வௌவாலைப்போல் சிறகடித்து மேலே எழும்ப அதனால் இயலாது. உயரத்திலிருந்து தாழ்வான இடத்திற்கு மட்டுமே அது செல்லும். மீண்டும் உயரே போக மரத்தில் ஏறியாக வேண்டும். எனவே, நெருக்கமாக வளர்ந்த உயர்ந்த மரங்களே அதன் பாதைகள்.

பினாங்குக் கொடிமலைக் காட்டில் வாழும் செந்நிறப் பெரும் பறக்கும் அணிலின் உடல் மட்டும் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வாலும் கிட்டத்தட்ட அதே நீளம். பகலில் மரப்பொந்தில் உறங்கி, அந்தி சாய்ந்ததும் வெளியே வரும். இலை, தளிர், பழம், கொட்டை ஆகியவை அதன் உணவு. ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒரு குட்டியையே ஈனும். ஆகவே, ஒரு குட்டியின் இழப்பும் சிறிய இழப்பன்று.

இதனை வேறு இரு விலங்குகளோடு பலர் குழப்பிக்கொள்வர். மலாய் மொழியில் ‘கூபோங்’ எனப்படும் விலங்கும் இக்காட்டில் சறுக்கிச் செல்கிறது. அதன் தோல் வாலையும் சேர்த்து மூடியிருக்கும். அஃது அணில் இனம் அன்று. செல்லப்பிராணிக் கடைகளில் காணும் ‘சுகர் கிளைடர்’ ஆஸ்திரேலியா, நியூகினி பகுதிகளைச் சேர்ந்தது. கங்காருவைப்போல் வயிற்றுப் பையில் குட்டியைச் சுமப்பது. உருவத்தில் ஒத்திருந்தாலும் மூன்றிற்கும் உணவும் பராமரிப்பும் வேறு. ஒன்றிற்குரிய குறிப்பைப் படித்துவிட்டு மற்றொன்றை வளர்க்க முற்படுவது ஆபத்து.

முதலில் தாய்க்கு ஒரு வாய்ப்பு

கீழே விழுந்த குட்டி எல்லாம் அநாதை ஆகிவிடுவதில்லை. பறக்கும் அணில் இரவில் நடமாடும் விலங்கு. பகலில் தாய் கண்ணில் படவில்லை என்பதால், அது குட்டியைக் கைவிட்டுவிட்டது என்று முடிவு செய்யக்கூடாது. பொந்து சேதமடைந்தால், தாய் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வேறு பொந்திற்குக் கொண்டு செல்லும் இயல்புடையது. மனிதர் தொட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்னும் நம்பிக்கையும் பெரும்பாலும் தவறானதே.

ஆகவே, குட்டியைக் கண்டவுடன் பெரியவர் ஒருவரின் துணையோடு வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையைத் தொடர்புகொள்ள வேண்டும். இத்துறையைப் ‘பெர்ஹிலித்தான்’ என்று நாம் அறிவோம். குட்டி காயமின்றி நலமாக இருந்தால், அதிகாரிகளின் வழிகாட்டுதலோடு அதைத் தாயுடன் சேர்க்க முயலலாம். மென்துணி விரித்த பெட்டியில் குட்டியை வைத்து, அந்தி வேளையில் அதே மரத்தில் பூனையும் நாயும் எட்டாத உயரத்தில் கட்டி வைப்பர். பிறகு எல்லாரும் விலகி நின்று காத்திருக்க வேண்டும். கூட்டம் கூடினால் தாய் இறங்கி வராது.

குட்டியின் உடலில் காயம் இருந்தாலோ, அது குளிர்ந்து சோர்ந்திருந்தாலோ, பூனை அதைக் கவ்வியிருந்தாலோ இரவுவரை காத்திருக்கலாகாது. பூனையின் பல்லிலும் எச்சிலிலும் உள்ள கிருமிகள், கண்ணுக்குத் தெரியாத சிறு காயத்தின் வழியாகவும் குட்டியைக் கொன்றுவிடும். உடனே கால்நடை மருத்துவரின் உதவி தேவை.

வெப்பம் முதலில், உணவு பிறகு

உதவி வந்து சேரும்வரை நாம் செய்யக்கூடியது குட்டியைக் கதகதப்பாக வைத்திருப்பதுதான். உரோமம் முளைக்காத குட்டியால் தன் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது. காற்றுத் துளைகள் இட்ட அட்டைப்பெட்டியில் மென்துணியைப் பரப்புங்கள். ஒரு புட்டியில் வெதுவெதுப்பான நீரை நிரப்பித் துணியால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். பெட்டியை மூடி, இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வையுங்கள். கையுறை அணியுங்கள், பிறகு கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். படம் எடுப்பதற்காக அடிக்கடி பெட்டியைத் திறக்காதீர்கள்.

உணவு எதுவும் கொடுக்காதீர்கள். குளிர்ந்திருக்கும் குட்டியின் வயிற்றில் உணவு செரிக்காது. பசும்பால் அதன் குடலுக்கு ஒவ்வாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கி, உடலிலுள்ள நீரை வற்றச் செய்துவிடும். வாயில் வேகமாகப் பாலை ஊற்றினால், அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைத் தாக்கும்.

பயிற்சி பெற்றவர்கள் இப்பணியைச் செய்யும் முறையைக் கவனித்தால், அதன் கடினம் விளங்கும். முதலில் குட்டியின் உடலில் குறைந்துபோன நீரை ஈடுசெய்வர். பிறகு, அதற்கேற்ற பால்மாவைக் கரைத்து, ஊசியில்லாத சிறிய ஊசிக்குழல் வழியாகத் துளித் துளியாகப் புகட்டுவர். குட்டியை மல்லாக்கப் படுக்க வைக்காமல், வயிறு கீழே இருக்கும்படி பிடித்திருப்பர். சில மணி நேரத்திற்கு ஒருமுறை, நள்ளிரவிலும், இவ்வேலை தொடரும். சிறு குட்டிகளுக்குத் தாமாகச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது. தாய் நக்கித் தூண்டிவிடும். அதற்குப் பதிலாக, வெந்நீரில் நனைத்த பஞ்சால் மெல்ல ஒற்றி எடுப்பர்.

காட்டிற்குத் திரும்பும் பாதை

பால் குடித்துக் கண் திறந்துவிட்டால் பணி முடிந்துவிடாது. மனிதரோடு பழகிய குட்டி மனிதரைக் கண்டு அஞ்சாது. அஞ்சாத விலங்கு காட்டில் நெடுநாள் உயிர் வாழாது. ஆகவே, மீட்பு மையங்களில் குட்டியைக் கொஞ்சுவதையும் பெயரிட்டு அழைப்பதையும் இயன்றவரை தவிர்ப்பர். மெல்ல மெல்லக் காட்டு இலைகளையும் பழங்களையும் உண்ணப் பழக்குவர். கிளைகள் நிறைந்த உயரமான கூண்டில் ஏறவும் தாவவும் இடமளிப்பர். தானே உணவு தேடவும் சறுக்கவும் வல்லதான பிறகே அதனைக் காட்டில் விடுவர்.

சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. பாதுகாக்கப்பட்ட விலங்குகளை உரிமமின்றி வைத்திருப்பது, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

திரும்பிச் செல்லக் காடும் இருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், 12,481 ஹெக்டர் பரப்புள்ள பினாங்குக் கொடிமலைப் பகுதியை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. காட்டை ஊடறுக்கும் சாலைகளும் மரவாழ் விலங்குகளின் பாதையைத் துண்டிக்கின்றன. இதனைக் கருத்தில் கொண்டு, 2019ஆம் ஆண்டு தெலுக் பஹாங்கில் ஒரு சாலைக்கு மேலே, பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு விலங்குகளுக்கான பாலம் அமைக்கப்பட்டது. குரங்குகள் வாகனங்களில் அடிபடாமல் கடக்க உருவான அப்பாலம், மனிதர் விலங்கின் கண்கொண்டு பார்த்ததற்குச் சான்று.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். தகுதியும் தேவையும் ஆராயாமல் அள்ளிக் கொடுக்கும் இப்பண்பைக் ‘கொடைமடம்’ என்று நம் முன்னோர் போற்றினர். போர்வையால் அந்த மயிலுக்குத் தீங்கில்லை. ஆனால், நம் கையிலுள்ள குட்டிக்கு நாம் அறியாமல் ஊட்டும் ஒரு வாய்ப் பால் உயிரைப் பறித்துவிடலாம். அங்கே இரக்கத்தோடு அறிவும் சேர வேண்டும்.

வளர்த்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நமக்கு இருக்கலாம். குட்டிக்கு வேண்டியது அதன் தாய்; தாய் இல்லையேல் அதன் காடு. அந்தப் பெட்டியைத் தக்கவரிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புபவரே குட்டிக்கு உண்மையில் உதவியவர்.

அருஞ்சொற்பொருள்

ஈற்று – ஒருமுறை குட்டி ஈனுதல்
விலா – உடலின் பக்கப் பகுதி
ஊடறுத்தல் – நடுவே வெட்டிச் செல்லுதல்
கொடைமடம் – ஆராயாமல் வாரி வழங்கும் பண்பு

வினாக்கள்

1. பறக்கும் அணில் ‘பறப்பதில்லை’ என்று கூறப்படுவது ஏன்?
2. பகலில் தாய் காணப்படாததைக் கொண்டு குட்டி அநாதை என முடிவு செய்யலாமா? காரணம் கூறுக.
3. உதவி வரும்வரை குட்டிக்குச் செய்ய வேண்டியவற்றையும் செய்யக்கூடாதவற்றையும் பட்டியலிடுக.
4. மீட்பு மையத்தில் குட்டியைக் கொஞ்சுவதைத் தவிர்ப்பது அன்பற்ற செயலா? உமது கருத்தை விளக்கி எழுதுக.
5. பேகனின் செயலைக் கட்டுரையாசிரியர் எந்நோக்கத்தோடு எடுத்துக்காட்டுகிறார்? குழுவில் கலந்துரையாடுக.