கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு

“எனக்கு வயசு போயிருச்சு. இனிமே படிச்சு என்னா செய்யப்போறேன்?” தோட்டத்தில் ஐம்பது தாண்டியவர்களிடம் எழுத்தைப் பற்றிக் கதைக்கப் போனால் முதலில் வரும் பதில் இதுதான். இந்தப் பதிலில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. வயது போனால் படிக்க முடியாது என்பது ஒன்று. வயது போன பிறகு எழுத்து தேவைப்படாது என்பது மற்றது. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில்தான் காசு சம்பந்தப்பட்டிருக்கிறது.

வேலை செய்யும் காலத்தில் கங்காணி, கணக்கப்பிள்ளை, சங்கத் தலைவர் என்று கேட்டறிய ஆள் உண்டு. முப்பது வருஷம் கொழுந்தெடுத்த தாய் எழுத்தில்லாமலே சமாளித்திருப்பார். வேலையை விட்டு நிற்கும் நாளில்தான் காகிதங்கள் வரிசையாக வருகின்றன. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு எமது சம்பளத்தில் 8 சதவீதமும், தோட்டத்தின் பங்காக 12 சதவீதமும் மாதாமாதம் போகிறது. பணிக்கொடை வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருஷம் பூர்த்தியான நாட்சம்பளத் தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 14 நாள் கணக்கு. முப்பது வருஷத்துக்கு 420 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுபடவும் வேண்டும். இந்தப் பெருக்கலைத் தானே போட்டுப் பார்க்கத் தெரிந்தவர், கையில் வந்தது சரியா குறையா என்று அந்த இடத்திலேயே கேட்பார். தெரியாதவர் பெருவிரலை மையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார்.

பெயர்ப் பிழையும் பெரிய தொல்லை. செக்ரோலில் ‘முத்தாயி’, அடையாள அட்டையில் ‘முத்தம்மா’. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மாதக்கணக்காக அலைகிறார்கள். தன் பெயரை வாசிக்கத் தெரிந்திருந்தால் இந்தப் பிழை இருபது வருஷத்துக்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும். இப்போது வங்கி அட்டையும் சேர்ந்துகொண்டது. 2023இல் அஸ்வெசும தொடங்கிய பிறகு, கணக்கே இல்லாதிருந்த பலர் வங்கிக்குப் போனார்கள். அட்டையின் இரகசிய இலக்கத்தைக் கடைக்காரரிடமோ பேரனிடமோ சொல்லிவைத்திருக்கும் பெரியவர்களை நாம் அறிவோம். பேரன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். நான்கு இலக்கத்தைத் தானே அழுத்தப் பழகுவது அவ்வளவு கஷ்டமா?

இனி முதலாவது பிழை. வயதானவர் மண்டையில் ஏறாது என்கிறார்களே, அதைப் பார்க்க மலையை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்குவோம். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், களுவாஞ்சிகுடிக்கு முன்னால், ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் வாவியுமாக இருக்கும் ஊர் செட்டிபாளையம். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் வயல்கள் விரிந்த படுவான்கரை. 1978 நவம்பர் 23இல் சூறாவளி, பிறகு நீண்ட யுத்தம், 2004 டிசம்பர் 26இல் சுனாமி என்று அந்தக் கரையோரம் பட்ட அடி கொஞ்சமல்ல. வீடு போனது, தென்னை போனது, தோணி போனது. ஆனாலும் வைகாசி வந்தால் அந்தப் பகுதிக் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கிறது, கண்ணகி வழக்குரை படிக்கிறார்கள், குளிர்த்தியோடு முடிக்கிறார்கள். பெரியவர்கள் படிக்க, இளையவர்கள் பக்கத்திலிருந்து பிடித்துக்கொள்கிறார்கள். புயலாலும் தண்ணீராலும் கொண்டுபோக முடியாத சொத்து அது.

அதே வீதியில் இன்னும் தெற்கே போனால் காரைதீவு. சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர், 1920இல் லண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. அதோடு போதும் என்று அவர் இருக்கவில்லை. வழக்கொழிந்துபோன யாழைப் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்து, 55ஆவது வயதில், 1947இல் ‘யாழ் நூலை’ வெளியிட்டார். அதே வருஷம் ஜூலை மாதம் காலமானார்.

“அவர் பெரிய படிப்பாளி, நாங்க அப்படியா?” என்று கேட்பீர்கள். சரி, நமது பெரட்டுக்களத்துக்கே வருவோம். மாசி மாதம் காமன் கூத்தில் இராத்திரி முழுக்கப் பாடுகிறவர் யார்? எழுத்தே தெரியாத தாத்தாதானே? ரதியின் ஒப்பாரி வரைக்கும் ஒரு வரி பிசகாமல் அவர் மனதில் இருக்கிறது. அத்தனை பாட்டும் ஏறிய மண்டையில் பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஏறாதா? சிறு பிள்ளையைவிட நாள் கூடுதலாகப் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஏறும்.

பலர் விட்டுவிடுவதற்கு மண்டை காரணமே அல்ல, கண்தான் காரணம். நாற்பது கடந்தால் கிட்டத்து எழுத்து மங்குவது எல்லாருக்கும் வரும் வெள்ளெழுத்து. வாசிப்புக் கண்ணாடி போட்டால் தீரும். கண்ணாடி போட்டும் புகைமூட்டமாகத் தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கில் காட்டுங்கள்.

பிறகு அரிச்சுவடியில் தொடங்க வேண்டாம். சொந்தப் பெயரில் தொடங்குங்கள். ‘முத்தம்மா’ என்று எழுதப் பழகியவருக்கு மு, த், த, ம், மா வந்துவிட்டது. அடுத்தது கணவர் பெயர், தோட்டத்தின் பெயர், சம்பளத்துண்டில் உள்ள இலக்கங்கள். ஒரே நாளில் இரண்டு மணித்தியாலம் குந்தியிருப்பதைவிட, தினமும் இராச் சாப்பாட்டுக்கு முன் கால் மணித்தியாலம் போதும். சொல்லிக் கொடுக்கப் பேரப்பிள்ளைகளைப் பிடியுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அம்மாயியின் எழுத்து கோணினால் சிரிக்கக் கூடாது. ஒரு தடவை சிரித்தால் அவர் மறுபடி பென்சிலைத் தொடமாட்டார்.

வீட்டில் இடமில்லை, லயத்தில் சத்தம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பிள்ளைமடுவத்தில் ஒரு கரும்பலகையும் பாயும் ஞாயிற்றுக்கிழமையில் சும்மாதான் கிடக்கின்றன. நாலு பேர் சேர்ந்து வந்து கேட்டால் திறப்பை வாங்கித் தருவது எமது வேலை.