டாட்டாநகர் கவச வண்டி: அட்டையில் ஒரு பொறியியல் பாடம்

நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு டாட்டாநகர் என்றால் ரயில் நிலையம். காளிமாட்டி என்றிருந்த அந்த நிலையத்துக்கு 1919-இல் இந்தப் பெயர் வந்தது. சாக்சி என்ற ஊர் ஜாம்ஷெட்பூர் ஆனதும் அதே ஆண்டில்தான். ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்த சிப்பாய்களுக்கு ‘டாட்டாநகர்’ என்பது ஒரு கவச வண்டியின் பெயர். அந்த வண்டியைக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் அளவு பிசகாமல் செய்வது எப்படி என்பதே இக்கட்டுரை. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய தாத்தாக்களும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் முடிக்கலாம்.

வண்டியின் வரலாறு

ராணுவ ஏடுகளில் இதன் பெயர் ‘இந்திய மாதிரிச் சக்கரக் கவச வண்டி’. 1940 முதல் 1944 வரை 4,655 வண்டிகள் செய்யப்பட்டன. அடிச்சட்டமும் எஞ்சினும் கனடாவிலிருந்து கப்பலில் வந்தன. கவசத் தகடு இங்குள்ள டாட்டா எஃகு ஆலையில் உருவானது. அந்தத் தகடுகளை வெட்டி, துளையிட்டு, பொருத்தி, வண்டியின் உடலாக்கிய வேலையில் பெரும்பங்கு இந்திய ரயில்வே பட்டறைகளுடையது. ரயில் பெட்டிகளும் கொதிகலன்களும் செய்து பழகிய கைகள் அவை. போர்க்காலத்தில் நம் பட்டறைகள் இப்படிப் பல வேலைகளுக்குத் திருப்பிவிடப்பட்டன. திருச்சி பொன்மலைப் பட்டறையில் போர் விமானங்களையே பழுது பார்த்தார்கள்.

இந்த வண்டிகள் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் ஓடின. மூன்று அல்லது நான்கு பேர் உட்காரலாம். கையில் பிரென் துப்பாக்கியும், டாங்கிகளைத் துளைக்கும் பாய்ஸ் துப்பாக்கியும் இருக்கும். போர் முடியும்போது இந்திய ராணுவத்தில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் சிலருக்கு எதிரியின் குண்டுக்கும் தங்கள் உயிருக்கும் இடையே இருந்தது இந்தத் தகடு ஒன்றுதான்.

இன்று கடைகளில் ஜெர்மானிய டாங்கிகளின் பிளாஸ்டிக் மாதிரிகள் விற்கின்றன. நம் பிள்ளைகளுக்கு டைகர், பான்தர் என்ற பெயர்கள் மனப்பாடம். நம் ஊர்ப் பெயர் தாங்கிய வண்டி ஒன்று உண்டென்று கேட்டால் விழிக்கிறார்கள். எனக்கு இது மனக்குறை. அதனால்தான் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தேன்.

அளவு விகிதம்

கவச வண்டி மாதிரிகளில் அதிகம் வழங்குவது 1:35 என்ற விகிதம். இது எப்படி வந்தது தெரியுமா? ஜப்பானைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த பான்தர் டாங்கி மாதிரி ஒன்றை வெளியிட்டது. உள்ளே பாட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காக ஓர் அளவில் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தபோது அது அசல் டாங்கியில் ஏறத்தாழ 35-இல் ஒரு பங்கு இருந்தது. மற்ற மாதிரிகளும் அதே விகிதத்தில் வர, உலகம் முழுவதும் அதுவே வழக்கமாகிவிட்டது.

நம் வண்டியின் நீளம் ஏறத்தாழ 4.72 மீட்டர், அகலம் 2.3 மீட்டர், உயரம் 2 மீட்டர். இவற்றை மில்லிமீட்டராக்கி 35-ஆல் வகுத்தால் நீளம் 135, அகலம் 66, உயரம் 57 மி.மீ. கிடைக்கும். கவசத் தகட்டின் அதிகபட்சக் கனம் 14 மி.மீ.; அதை வகுத்தால் 0.4 மி.மீ. நல்ல கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனமும் ஏறத்தாழ இதுதான். சந்தேகமிருந்தால் பத்து அட்டைகளை அடுக்கி அளந்து பத்தால் வகுத்துப் பாருங்கள்.

ரயில்வேக்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. நம் அகல ரயில் பாதையின் இடைவெளி 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மி.மீ. அதே உயரமுள்ள மனிதர் நம்மில் ஏராளம். அவரை 35-ஆல் வகுத்தால் 48 மி.மீ. அட்டையில் 48 மி.மீ. உயரத்துக்கு ஒரு மனித உருவம் வெட்டி வைத்துக் கொள்ளுங்கள். கதவோ பார்வைத் துளையோ வரையும்போது அவரைப் பக்கத்தில் நிறுத்தினால், அளவு சரியா தவறா என்று கண்ணே சொல்லிவிடும்.

படம் வரைதல்

வண்டியின் புகைப்படத்தை நூலகத்திலோ கணினியிலோ தேடி எடுங்கள். வகைக்கு வகை உடல் மாறும். சில வகைகளில் மேற்புறம் திறந்திருக்கும், சிலவற்றில் சிறு சுழல்மேடை இருக்கும். திறந்த வகையே முதலில் செய்ய ஏற்றது. நேர் பக்கவாட்டில் எடுத்த படமாக இருக்க வேண்டும். படத்தில் வண்டியின் முழு நீளம் 118 மி.மீ., சக்கரம் 22 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் முழு நீளம் 135 என்பது நமக்குத் தெரியும். 135-ஐ 22-ஆல் பெருக்கி 118-ஆல் வகுத்தால் சக்கரம் 25 மி.மீ. கதவு, பார்வைத் துளை எல்லாவற்றையும் இப்படியே கணக்கிட்டு, பக்கத் தோற்றம், முன் தோற்றம், மேல் தோற்றம் மூன்றையும் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொள்ளுங்கள்.

சாய்ந்த தகட்டின் உண்மை அளவு

இனி வருவதுதான் இந்தப் பாடத்தின் உயிர்நாடி. டிப்ளமோ வகுப்பில் தகட்டு வேலை வரைபடத்தில் முதலில் கற்பிப்பது இதைத்தான். சாய்ந்த தகட்டின் உண்மை அளவு முன் தோற்றத்திலும் தெரியாது, மேல் தோற்றத்திலும் தெரியாது.

வண்டியின் மேல்பாதிப் பக்கத் தகடு உட்புறமாகச் சாய்ந்திருக்கிறது. முன் தோற்றத்தில் அதன் உயரம் 15 மி.மீ., உட்புறம் நகர்ந்த தூரம் 8 மி.மீ. என்று கொள்வோம். அட்டையை 15 மி.மீ. அகலத்துக்கு வெட்டினால் மேலே இடைவெளி விழும். பிதாகரஸ் தேற்றத்தை எடுங்கள். 15-இன் வர்க்கம் 225, எட்டின் வர்க்கம் 64, கூட்டினால் 289. அதன் வர்க்கமூலம் 17. அட்டை 17 மி.மீ. அகலம் வேண்டும். தேர்வுக்காக உருப்போட்ட தேற்றம் இங்கே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியை அடைப்பதைப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள்.

தகட்டை ஏன் சாய்த்தார்கள்? வாழைக்காயை நேராக வெட்டினால் கத்தி கடக்கும் தூரம் குறைவு. சாய்வாக வெட்டினால் தூரம் கூடும். குண்டுக்கும் அப்படித்தான். 14 மி.மீ. தகட்டைச் செங்குத்திலிருந்து 45 பாகை சாய்த்தால், நேராக வரும் குண்டு ஏறத்தாழ 20 மி.மீ. எஃகைக் கடக்க வேண்டும். 60 பாகை சாய்த்தால் 28 மி.மீ. தகட்டின் கனம் கூடாமல் காப்பு கூடுகிறது. போதாக்குறைக்குச் சாய்ந்த தகட்டில் பட்ட குண்டு வழுக்கித் தெறித்துப் போகவும் வாய்ப்புண்டு.

வெட்டுதலும் ரிவெட் பதித்தலும்

தேவையானவை: எஃகு ஸ்கேல், மூலைமட்டம், கவராயம், புது பிளேடு, ஃபெவிகால், உப்புத்தாள், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. பத்து வயதுக்குக் குறைந்தவர்களிடம் பிளேடைக் கொடுக்க வேண்டாம். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல், ஸ்கேலை இறுக்கிப் பிடித்து இலேசாக மூன்று நான்கு முறை இழுங்கள்.

வெட்டிய ஒவ்வொரு துண்டின் உட்புறத்திலும் ‘இடது’, ‘வலது’ என்று எழுதிவிடுங்கள். இரு பக்கத் தகடுகளும் கண்ணாடி பிம்பம் போல எதிரெதிராக இருக்க வேண்டும்.

ரிவெட் தலைகளுக்குத் துண்டை மடித்த செய்தித்தாள் மேல் கவிழ்த்து வைத்து, உட்புறத்திலிருந்து பேனா முனையால் அழுத்துங்கள். வெளிப்பக்கம் சிறு குமிழ் எழும். அசல் தலை ஓர் அங்குலம் என்றால் மாதிரியில் 0.7 மி.மீ.; பேனா முனையின் குண்டும் ஏறத்தாழ அதுவே. 3 மி.மீ. இடைவெளியில் கோடு பிசகாமல் வரட்டும். இதை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு உட்புறம் கை போகாது.

அசல் வண்டியிலும் இதே ஒழுங்குதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், ஓய்வு பெற்று ரயில்வே காலனியிலேயே தங்கிவிட்ட ஒரு திருச்சிப் பெரியவர் இருந்தார். போர்க்காலத்தில் மீசை முளைக்காத பையனாகக் கவசத் தகடு துளையிடும் இடத்தில் நின்றவர். “பதம் ஏத்தின தகட்டுல டிரில்லு இறங்காது தம்பி. ஓட்டையெல்லாம் முன்னாடியே போட்டுடணும். ஒரு ஓட்டை தப்பினாலும் அந்தத் தகடு கழிவுதான்” என்பார். எத்தனை வண்டிக்குத் துளை போட்டீர்கள் என்று கேட்டேன். “யாரு எண்ணினா? வண்டி எந்தத் தேசத்துக்குப் போச்சுன்னே எங்களுக்குச் சொல்லலை” என்றார். அவரும் இப்போது இல்லை.

சேர்த்தல், சக்கரம், வண்ணம்

உடலுக்குள் இரண்டு குறுக்குச் சட்டங்களைத் தடித்த அட்டையில் வெட்டி, மூலைமட்டம் வைத்து நேராக நிறுத்துங்கள். பக்கத் தகடுகளை அவற்றின் மீது ஒட்டினால் உடல் முறுக்கிக்கொள்ளாது. பசை குறைவாக இருக்கட்டும். அதிகப் பசை அட்டையை ஊற வைத்து நெளிக்கும்.

சக்கரத்துக்கு 25 மி.மீ. வட்டங்களைத் தடித்த அட்டையில் வெட்டி, 6 மி.மீ. கனம் வரும்வரை அடுக்கி ஒட்டி, ஓரத்தை உப்புத்தாளால் உருட்டுங்கள். பாய்ஸ் துப்பாக்கியின் அசல் நீளம் 1,575 மி.மீ.; மாதிரியில் 45 மி.மீ. பிரென் 33 மி.மீ. துடைப்ப ஈர்க்கு இரண்டுக்கும் போதும்.

பாலைவன வண்டிக்கு மணல் நிறம், பர்மா வண்டிக்குக் கரும்பச்சை. அட்டையின் இரு பக்கமும் மெல்லியதாகப் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் வளையும்.

ஒரு விந்தைக் கணக்கு

அசல் வண்டியின் எடை 5.7 டன். மாதிரியின் எடையை 35-ஆல் வகுத்துக் கண்டுபிடிக்க முடியாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 35 மடங்கு சிறுத்ததால், எடையை 35-ஐ மும்முறை பெருக்கிய 42,875-ஆல் வகுக்க வேண்டும். அதே எஃகில் அதே விதமாகச் செய்தால் மாதிரி 133 கிராம்தான் இருக்கும். ஒரு சிறிய மாம்பழத்தின் எடை!

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. இதே வண்டியை 1:72 விகிதத்தில் செய்தால் நீளம் எவ்வளவு?
2. முன் தோற்றத்தில் 12 மி.மீ. உயரம், உட்புறம் 5 மி.மீ. சாய்வு. அட்டையின் அகலம் என்ன?
3. 1:72 மாதிரியை எஃகில் செய்தால் எடை எவ்வளவு?

விடைகள்: 65.6 மி.மீ.; 13 மி.மீ.; ஏறத்தாழ 15 கிராம்.

மாதிரி முடிந்ததும் ஒரு பலகையில் பொருத்தி, கீழே ஒரு சீட்டு ஒட்டுங்கள். வண்டியின் பெயர், விகிதம், 1940–1944, ‘எஃகு: ஜாம்ஷெட்பூர், உடல்: ரயில்வே பட்டறைத் தொழிலாளர்’ என்று எழுதுங்கள். செய்த பிள்ளையின் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.