பிரமிடு என்னும் சொல்லும் அதன் பொருள்களும்

உலக வழக்கிலுள்ள சொல் ஒன்று பல பொருள் குறித்து நிற்றல் யாவரும் அறிந்ததே. "மா" என்னும் ஓரெழுத்து மொழி ஒரு மரத்தையும், விலங்கையும், ஒரு நிலவளவையும் இடத்திற்கேற்ப உணர்த்துகின்றது. இதனால் நமக்குத் துன்பம் ஒன்றும் நேர்வதில்லை. குறித்த பொருள் இன்னதென்பதை அடுத்துள்ள சொற்களே காட்டிவிடும். ஆயின் சாஸ்திர நூல்களின் சொற்களைப்பற்றி நாம் கொண்டுள்ள எண்ணம் வேறு. அவை ஒவ்வொன்றும் ஒரே பொருளில் வரையறுக்கப்பட்டவை என்றும், ஒருமுறை கற்றுக்கொண்டால் எவ்விடத்தும் அப்பொருளே கொள்ளலாம் என்றும் மாணவர் பலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் "பிரமிடு" என்னும் ஒரு சொல்லைத் துணையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

சொல்லின் தோற்றம்

பிரமிடு என்றவுடன் நம் நினைவிற்கு வருவது எகிப்து தேசம். கீஸா என்னுமிடத்தில் கூபூ மன்னனுக்காகக் கி.மு. 26ஆம் நூற்றாண்டளவில் எழுப்பப்பட்ட பெரிய பிரமிடு, கட்டிமுடித்த காலத்தில் சுமார் 481 அடி உயரமும், பக்கம் ஒன்றிற்குச் சுமார் 756 அடி நீளமுள்ள சதுர அடித்தளமும் உடையதாயிருந்தது. எகிப்தியர் இக்கட்டிடங்களைத் தம் மொழியில் "மெர்" என்றனர். "பிரமிடு" என்பதோ "பிரமிஸ்" என்னும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. கிரேக்க மொழியில் நெருப்புக்குரிய சொல் இதன் முற்பகுதியோடு ஒத்திருத்தல் கண்டு, நெருப்பின் கொழுந்து போல் மேல்நோக்கிக் கூர்ந்து செல்லுதலின் இப்பெயர் வந்தது என்று முற்காலத்தார் சிலர் உரைத்தனர். இக்கால அறிஞர் அதனை ஏற்பதில்லை. கிரேக்கர் உண்டுவந்த கோதுமைப் பணியாரம் ஒன்றிற்கும் "பிரமிஸ்" என்ற பெயர் உண்டு. அப்பணியாரத்தின் பெயரையே எகிப்தியரின் கல்லறைகளுக்கு அவர்கள் இட்டிருக்கலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. அது மெய்யாயின், இச்சொல் பிறக்கும்போதே ஒப்புமையிற் பிறந்ததாகும்.

நம் இலக்கணிகள் இத்தகைய பெயர்களை ஆகுபெயர் என்பர். ஒன்றன் இயற்பெயர் அதனோடு இயைபுடைய பிறிதொன்றிற்கு ஆகிவருவது ஆகுபெயர். ஒப்புமை பற்றி வருவது உவமையாகுபெயர். ஆகுபெயரின்மேல் மற்றோர் ஆகுபெயர் ஏறி வருவது இருமடியாகுபெயர். கரிய நிறத்தைக் குறிக்கும் "கார்" முதலில் முகிலுக்கும், பின் அம்முகில் பொழியும் பருவத்திற்கும் பெயராதல் இருமடியாகுபெயர். பிரமிடு என்னும் சொல் சாஸ்திரங்களில் நடந்துவந்த வழியை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் இல்லை.

வடிவத்தையே குறிப்பன

முதற்கண் க்ஷேத்திர கணிதத்தை எடுத்துக்கொள்வோம். அடித்தளம் ஒரு பலகோணமாயும், பக்கங்கள் ஓர் உச்சியிற் கூடும் முக்கோணங்களாயும் அமைந்த கன உருவமே அந்நூலார் கொள்ளும் பிரமிடு. அடித்தளம் சதுரமாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. முக்கோணமாயினும் அறுகோணமாயினும் ஆம். அதன் கன அளவு, அடித்தளப் பரப்பையும் உயரத்தையும் பெருக்கி வருவதில் மூன்றில் ஒரு பங்கு. உச்சி வெட்டப்பட்ட பிரமிடின் கன அளவைக் காணும் கணக்கொன்று, மாஸ்கோ நகரிலுள்ள எகிப்திய ஏட்டில் காணப்படுகின்றது, அவ்வேடு கி.மு. 1850ஐ ஒட்டியது. கீழ்ப்பக்கம் 4, மேற்பக்கம் 2, உயரம் 6 எனக் கொண்டு 56 என்னும் சரியான விடையை அது தருகின்றது.

எண் நூலாரும் இப்பெயரை விடவில்லை. கனிகளையோ குண்டுகளையோ சதுர அடுக்குகளாகக் குவித்தால் 1, 4, 9, 16 எனப் படிகள் அமையும். நான்கு படிகளின் கூட்டுத்தொகை 30. இத்தகைய தொகைகள் பிரமிடு எண்கள் எனப்படும். இருபத்து நான்கு படிகளைக் குவித்தால் வரும் 4900 என்னும் எண், 70இன் வர்க்கமாகவும் இருத்தல் வியப்பு. ஒன்றை நீக்கினால் இவ்விரு தன்மையும் ஒருங்கே உடைய எண் இதுவன்றி வேறில்லை என்பதை வாட்ஸன் என்ற ஆங்கிலக் கணிதர் 1918இல் நிறுவினார்.

இனிப் படிகநூலுக்கு வருவோம். படிகநூலார் அடித்தளத்தைக் கருதுவதில்லை. ஓர் உச்சியை நோக்கிச் சாயும் ஒத்த முகங்களின் தொகுதியையே பிரமிடு என்பர். இரண்டு பிரமிடுகள் அடியோடு அடி பொருந்தினாற் போன்ற வடிவத்தைக் கந்தகப் படிகத்திற் காணலாம். குவார்ட்ஸ் என்னும் பளிங்கின் முனையும் ஆறு முகங்களையுடைய பிரமிடு போலவே தோன்றும். ஆயின் நுணுகி நோக்கினால் அவ்வாறு முகங்களும் ஒரே இனத்தன அல்ல; மும்மூன்றாக இரு வேறு தொகுதிகளைச் சார்ந்தன. சாய்சதுர முகங்களையுடைய இரண்டு வடிவங்கள் கலந்து பிரமிடு போல் நம் கண்ணை மயக்குகின்றன. கண்ணுக்குத் தோன்றும் வடிவம் வேறு, நூல் வகுக்கும் வடிவம் வேறு என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று.

இரசாயன நூலில் இச்சொல் மேலும் நுண்மை அடைகின்றது. அம்மோனியா மூலக்கூற்றில் ஹைடிரஜன் அணுக்கள் மூன்று அடித்தளமாகவும், நைட்ரஜன் அணு உச்சியாகவும் நிற்றலின், அது முக்கோணப் பிரமிடு வடிவினது என்பர். அங்கே முகமும் இல்லை, விளிம்பும் இல்லை; அணுக்களின் நிலைகளே உண்டு. போரான் டிரைபுளோரைடு என்னும் வாயுவிலும் ஓரணுவை மூன்றணுக்கள் சூழ்ந்துள்ளன; எனினும் அது தட்டையானது. அம்மோனியாவின் நைட்ரஜனிடத்துப் பிணைப்பிற் சேராத எலக்ட்ரான் இணை ஒன்று எஞ்சி நின்று ஏனைய பிணைப்புக்களை ஒருபுறம் ஒதுக்குதலின், அவற்றின் இடைக்கோணம் சுமார் 107 பாகையாகிறது, தட்டை பிரமிடாகிறது. காற்றில் குடை மடங்கித் திரும்புவது போல இப்பிரமிடும் உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பி, நொடிக்குச் சுமார் 2,400 கோடி முறை ஊசலாடுகின்றது. இவ்வூசலாட்டத்தைப் பயன்படுத்தியே சார்லஸ் டௌன்ஸ் என்பாரும் அவருடன் உழைத்தோரும் 1954இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மேஸர் என்னும் கருவியை இயக்கினர். லேஸருக்கு முன்னோடி அதுவே.

இவ்விடத்து மாணவர் தவறாது கருதவேண்டியது ஒன்றுண்டு. கணிதத்தில் நான்முகி என்பதும் ஒரு பிரமிடே. அது முக்கோண அடித்தளம் உடையது. இரசாயனத்திலோ இவ்விரண்டும் வேறு வேறு. மீத்தேனில் கார்பன் அணு நான்கு ஹைடிரஜன்களுக்கும் நடுவில் நிற்றலின் அது நான்முகி வடிவினது. அம்மோனியாவில் நைட்ரஜன் உச்சியில் நிற்றலின் அது பிரமிடு வடிவினது. கணிதத்திற் கற்ற பொருளை அவ்வாறே கொண்டுசென்றால் இரசாயனத் தேர்வில் மதிப்பெண் இழக்க நேரும்.

ஒப்புமை பற்றி வருவன

உடற்கூற்று நூலில் இச்சொல் முற்றிலும் உவமையாகுபெயராய் நிற்கின்றது. சிறுநீரகத்தைப் பிளந்து நோக்கினால், அகன்ற பக்கம் வெளிப்புறத்தும் கூரிய முனை உட்புறத்தும் அமைந்த பகுதிகள் பலவற்றைக் காணலாம். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மால்பீகியின் பெயரோடு சேர்த்து இவற்றைச் சிறுநீரகப் பிரமிடுகள் என்பர். இவற்றின் முனைகளினின்றே சிறுநீர் கசிந்து சேர்கின்றது. ஆயின் இவை தட்டையான முகங்களை உடையன அல்ல. கணிதர் கண்டால் கூம்பு என்பரேயன்றிப் பிரமிடு என்னார். அடிவயிற்றின் முன்புறத்துப் பிரமிடுத் தசை என்று ஒன்றுண்டு. அது தட்டையான முக்கோணமே. சிலர் உடலில் அத்தசை இல்லாமலும் இருக்கும்.

பெரு மூளையின் புறணியிலுள்ள நரம்பணுக்களில் மிகப் பலவற்றிற்குப் பிரமிடு அணுக்கள் என்று பெயர். கோல்ஜி என்பார் 1873இல் வெளியிட்ட சாயமுறையைக் கையாண்டு கஹால் என்னும் ஸ்பெயின் தேசத்து அறிஞர் இவற்றை வியத்தகு முறையில் வரைந்து காட்டினார். அவ்விருவரும் 1906இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். இவ்வணுவின் உடல் ஏறக்குறைய முக்கோணம் போன்றது. அதன் உச்சியினின்று ஒரு நீண்ட கிளை மூளையின் மேற்பரப்பை நோக்கிச் செல்லும். இவற்றுள் மிகப் பெரியனவற்றைப் பெட்ஸ் என்பார் 1874இல் விவரித்தார்.

இனி, மூளையின் அடிப்பகுதியாகிய முகுளத்தின் முன்புறத்தில் நீண்ட புடைப்புக்கள் இரண்டு உள. அவற்றிற்கும் பிரமிடுகள் என்றே பெயர். உடலை நம் விருப்பப்படி இயக்கும் கட்டளைகளைத் தாங்கும் நரம்பிழைகள் அப்புடைப்புக்களின் வழியே இறங்குதலின், அவ்விழைத்தொகுதி பிரமிடுப் பாதை எனப்பட்டது. இங்கேதான் மயக்கம் விளைகின்றது. பிரமிடு அணுக்களினின்று புறப்படுவதால் பிரமிடுப் பாதை எனப்பட்டது என்று எண்ணுவார் பலர். அப்பாதையின் இழைகள் புறணியின் பிரமிடு அணுக்களிலிருந்து வருவன என்பது உண்மையே. எனினும் பெயர்க்காரணம் அதுவன்று, முகுளத்தின் புடைப்பே. மேலும், பெட்ஸ் கண்ட பேரணுக்களே அப்பாதை முழுவதற்கும் ஊற்று என்பதும் பொருந்தாது. ஒரு புறத்துச் செல்லும் ஏறத்தாழப் பத்து லக்ஷம் இழைகளில், அவற்றினின்று வருவன நூற்றுக்கு மூன்றளவே.

இப்பாதையின் இழைகளில் நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூறு வரை முகுளத்தின் அடியில் எதிர்ப்புறத்திற்குக் கடந்து செல்கின்றன. மூளையின் இடப்பாகத்தில் இரத்தக்குழாய் வெடித்தால் வலக்கையும் வலக்காலும் செயலற்றுப் போவது இதனாலேயே. பின்னர், இப்பாதைக்கு உட்படாமல் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் பகுதிகளைக் குறிக்கப் "பிரமிடுக்குப் புறம்பான" என்ற தொடரை வில்ஸன் என்னும் மருத்துவர் 1912இல் வழங்கினார். மனநோய்க்குத் தரும் சில மருந்துகளால் உடல் விறைப்பும் நடுக்கமும் உண்டாகுமாயின், இன்றும் மருத்துவர் அவற்றை அத்தொடராற் குறிப்பர். பணியாரத்தின் பெயர் கல்லறைக்கு ஆயிற்று. கல்லறையின் பெயர் முகுளத்துப் புடைப்பிற்கு ஆயிற்று. புடைப்பின் பெயர் பாதைக்கு ஆயிற்று. பாதையின் பெயர் அதற்குப் புறம்பானவற்றிற்கும் ஆயிற்று. நம் இலக்கணிகள் கண்டால் இருமடியோடு நிறுத்தமாட்டார்.

அளவு குறைதலைக் காட்டுவன

மூன்றாவதாக, பொருளின் வடிவத்தைக் குறிக்காது அதனைப்பற்றி நாம் வரையும் படத்தின் வடிவத்தையே குறிக்கும் வழக்கு உண்டு. ஆங்கில உயிர்நூலறிஞர் சார்லஸ் எல்டன் 1927இல் வெளியிட்ட விலங்குச் சூழலியல் நூலில், ஓரிடத்துப் பிராணிகளில் சிறியன மிகப் பலவாயும், அவற்றை உண்ணும் பெரியன சிலவாயும் இருத்தலை எண்களின் பிரமிடு என்றார். புல்வெளியில் இது பொருந்தும். ஆயின் ஒரே பெருமரத்தில் ஆயிரக்கணக்கான பூச்சிகள் வாழுமிடத்துப் பிரமிடு தலைகீழாகிவிடும். எண்ணை விடுத்து உடலின் நிறையைக் கணக்கிட்டாலும் கடலில் தலைகீழாதல் உண்டு. நீரில் மிதக்கும் நுண்தாவரங்கள் விரைந்து பெருகி விரைந்து உண்ணப்படுதலின், எந்த ஒரு வேளையிலும் அவற்றின் நிறை, அவற்றை உண்ணும் பிராணிகளின் நிறையினும் குறைந்திருக்கக்கூடும். ஆங்கிலக் கால்வாயில் இவ்வாறு காணப்பட்டுள்ளது.

அமெரிக்க இளைஞர் ரேமண்ட் லிண்டெமன், உண்போர்க்கும் உணவிற்கும் உள்ள தொடர்பைச் சக்தியின் ஓட்டமாகக் கணக்கிட வழிகாட்டினார். அவருடைய கட்டுரை 1942இல் வெளிவந்தது. அதனைக் காணாமலே அவர் அவ்வாண்டில் தம் இருபத்தேழாம் வயதில் இறந்தார். ஒரு படியிலுள்ள உயிர்கள் பெற்ற சக்தியில் பத்தில் ஒரு பங்களவே அடுத்த படிக்குச் சேரும் என்பது பொதுக் கணக்கு. எஞ்சியது மூச்சிலும் வெப்பத்திலும் கழிவிலும் போகும். ஆதலின் சக்தியின் பிரமிடு ஒருபோதும் தலைகீழாவதில்லை. எண், நிறை, சக்தி என்னும் மூன்றிற்கும் பிரமிடு என்றே பெயர். ஆயின் இறுதியது ஒன்றே மாறாத நியதி.

ஜனத்தொகைப் பிரமிடும் அத்தகையதே. குழந்தைகள் மிகுந்தும் முதியோர் குறைந்தும் உள்ள நாட்டில் அப்படம் அகன்ற அடியுடையதாகும். ஜப்பான் போன்று பிறப்புக் குறைந்த நாட்டிலோ அடி குறுகி நடு பருத்துக் காணும். பெயர் மட்டும் பிரமிடாகவே நிற்கின்றது. உணவுப் பிரமிடு 1974இல் ஸ்வீடன் தேசத்தில் தோன்றிற்று. அமெரிக்க அரசாங்கம் 1992இல் தனக்கென ஒன்றை வெளியிட்டு, 2011இல் அதனை நீக்கி உணவுத் தட்டின் படத்தை வைத்தது. அப்பிரமிடில் உச்சியிலிருப்பது மிகக் குறைவாக உண்ணவேண்டியது. மனித தேவைகளைப்பற்றி மாஸ்லோ கூறியதாகக் காட்டப்படும் பிரமிடிலோ, உச்சியிலிருப்பது மிக உயர்ந்தது. வடிவம் ஒன்றாக, உச்சியின் பொருள் நேர் எதிராயிற்று. இதனினும் வியப்பு, மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் பிரமிடு எதுவும் இல்லை என்பது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் விளங்குவது யாது? சாஸ்திரச் சொல்லும் ஆகுபெயரின் வழியிலேயே நடக்கின்றது. ஆதலின் இச்சொல்லைக் கண்டவிடத்து மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். பிரமிடு என்று இங்கே கூறப்படுவது பொருளின் வடிவமா, கண்ட தோற்றமா, வரைந்த படமா? பிரமிடின் எப்பண்பு இரவலாகப் பெறப்பட்டது: உச்சியா, முகமா, மேலே செல்லச் செல்லக் குறைதலா? இப்பெயர் நேரே வந்ததா, வேறொரு பெயரின்மேல் ஏறி வந்ததா?

தமிழிற் கலைச்சொல் ஆக்க முன்வரும் இளைஞர்க்கு இவ்வினாக்கள் பெரிதும் வேண்டுவன. பிரமிடு என்பதற்குக் கூம்பகம் என்று ஒரு சொல்லை அமைத்துக்கொண்டு எல்லாவிடத்தும் அதனையே இட்டுவிடுதல் எளிது. ஆயின் நரம்பு நூலிற் "கூம்பகப் பாதை" என்று படிக்கும் மாணவன், அப்பாதையே கூம்பிச் செல்வதாக எண்ணின் பிழை அவனுடையதன்று. சொல்லை மொழிபெயர்ப்பவர் அச்சொல் வந்த வழியையும் அறிந்து பெயர்ப்பாராயின், கற்பார்க்கு மயக்கம் நீங்கும். நம் மொழியும் தெளிவு பெறும். அவ்வாறு அறிந்து செய்ய முயல்வோமாக.